மிச்சம் கொட்டப்பட்டது

என் கையால் ஊசி போட்டால் வலிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். இருபத்து மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். நரம்பு கிடைக்காத நோயாளி எந்த வார்டில் இருந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டனுப்புவார்கள். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஊசியைத் தோலில் வைப்பதற்கு ஒரு நொடி முன்னால் நோயாளியிடம் அவர் வீட்டைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும். மகள் எந்த வகுப்பு, மருமகன் என்ன வேலை, இப்படி எதையாவது. அவர் பதிலை யோசிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பேன். எறும்புக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தப் புகாரைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், நான் எழுதியதுதான். இரண்டு பக்கம், என் கையெழுத்து, கீழே என் பெயர், பதவி, தேதி. மொட்டைக் கடுதாசி போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டுமானால் மறுபடியும் எடுத்துப் படித்துப் பாருங்கள், ஐயா.

எறும்பு என்பது நாங்கள் வைத்த பெயர். எட்டு வருடத்துக்கு முன்னால் இந்த வார்டுக்கு வந்தாள். எதையும் தூக்கிப் போட மாட்டாள். மருந்துப் பெட்டியைக் கட்டி வரும் ரப்பர் வளையம், தீர்ந்துபோன பேனா, ஒரு பக்கம் காலியாக இருக்கும் காகிதம், எல்லாம் அவள் லாக்கரில் இருக்கும். யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவளிடம் போய் நிற்பார்கள். கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "மழைக்காலம் வரும்ல அக்கா, அப்ப தெரியும் எறும்போட அருமை" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை.

வார்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். பன்னிரண்டு கட்டில். தீராத வலியோடு வருகிறவர்களுக்கான இடம். இங்கே முக்கியமான மருந்து ஒன்றுதான், மார்ஃபின். நாங்கள் வலி ஊசி என்போம். இரும்பு அலமாரியில், இரண்டு பூட்டுக்குள் இருக்கும். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று கூட வேலை பார்க்கும் செவிலியிடம். ஒரு கண்ணாடிக் குப்பியில் இருப்பது முழுவதும் ஒருவருக்குத் தேவைப்படாது. பாதி போதும் என்று டாக்டர் எழுதியிருப்பார். உடைத்த குப்பியை மூடி வைக்க முடியாது, அதனால் மிச்சத்தைத் தொட்டியில் கொட்ட வேண்டும். கொட்டும்போது இன்னொரு செவிலி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'மிச்சம் கொட்டப்பட்டது' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இது விதி. பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் முனகிக்கொண்டிருக்கும்போது தொட்டியை யார் பார்க்கிறார்கள். ஒருத்தி கொட்டுவாள், இன்னொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டே "சரிக்கா" என்பாள். டியூட்டி முடியும்போது மொத்தமாகக் கையெழுத்து. கூட வேலை செய்கிறவளை நம்பாவிட்டால் இந்த வேலையை ஒரு நாள்கூடப் பார்க்க முடியாது.

இந்த நிலையில்தான் என் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பில் நோய் வந்தது. பேருந்து நடத்துநராக இருந்தவர். முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதருக்குக் கடைசியில் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஒரே மகன் வெளியூரில் இருக்கிறான், மாதம் ஒரு முறை போனில் "எப்படிப்பா இருக்க" என்று கேட்பான். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை எதற்கும் பற்றவில்லை. வலி கூடும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் எத்தனை ஸ்டாப்பிங் இருக்கு? நான் இறங்கணும்" என்பார். வேடிக்கைக்காகத்தான் முதலில் சொன்னார். பிறகு வேடிக்கை போய்விட்டது, வார்த்தை மட்டும் நின்றது. இரண்டு அறை உள்ள வீடு. எந்த அறைக்குப் போனாலும் கேட்கும்.

தினமும் மதியம் தொட்டியில் மருந்தைக் கொட்டிவிட்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நீங்களே சொல்லுங்கள், சாக்கடைக்குப் போகிற மருந்து அது. யாருடைய வாயிலிருந்தும் பிடுங்கவில்லை. ஒரு நாள் மிச்சத்தை இன்னொரு சிரிஞ்சில் இழுத்துக்கொண்டு, குப்பியில் அதே அளவு உப்புத் தண்ணீரை விட்டு, அதைத் தொட்டியில் கொட்டினேன். எறும்பு திரும்பிப் பார்க்காமல் "சரிக்கா" என்றாள். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதைத் திருட்டு என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் மிச்சம் போதவில்லை. இந்த மருந்தின் குணம் அது, உடம்பு பழகப் பழக அளவு கூட வேண்டும். அதனால் முனகல் குறைவாக இருக்கிற நோயாளிகளாகப் பார்த்து, எழுதிய அளவில் பாதி கொடுத்தேன். பிறகு சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தேன். கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. குழந்தை குட்டி இருக்கிறவர்களுக்கும், பார்க்க ஆள் வருகிறவர்களுக்கும் நிஜ மருந்து. பார்க்க யாரும் வராதவர்களுக்குத் தண்ணீர். வருகிறவர்கள்தான் கேள்வி கேட்பார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

ஆறாம் கட்டிலில் ஒரு தையற்காரர் இருந்தார். தனி ஆள். காலை எட்டு மணி ஊசி எறும்பு போடுவாள், மதியம் பன்னிரண்டு மணி ஊசி நான் போடுவேன். ஒரு நாள் காலையில் அவர் எறும்பிடம் சொன்னாராம். "பெரிய சிஸ்டர் போட்டா ஊசி வலிக்கிறதில்ல, ஆனா வலி போகமாட்டேங்குது. நீ போட்டா சுருக்குனு குத்துது, அப்புறம் வலி போயிடுது. எனக்குக் குத்துறதே தேவலாம் தாயி." எறும்பு இதைச் சிரித்துக்கொண்டேதான் வந்து என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவள் அதோடு விடவில்லை. ஒரு நோட்டு போட்டு, யார் யாருக்கு எப்போது ஊசி போட்டோம், எவ்வளவு நேரத்தில் வலி குறைந்தது என்று குறிக்க ஆரம்பித்தாள். மூன்று வாரம் கழித்து, உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் அதைக் காட்டினாள்.

"அக்கா, மதிய ஊசி மட்டும் வேலை செய்யலக்கா. காலையில பழைய பெட்டியில இருந்து எடுக்கிறோம். மதியத்துக்கு மருந்தகத்துல இருந்து பதினோரு மணிக்கு வர்ற புதுப் பெட்டி, அது அன்னிக்கே தீர்ந்துடுது. அந்தப் பெட்டியிலதான் கோளாறு. பாவம், கெட்ட பேரு உங்களுக்கு வருது."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஆதாரம் இல்லாம சொன்னா மேட்ரன் என்னைத் தொலைச்சிடுவாங்க. நான் ஒண்ணு யோசிச்சேன். நீங்க கொட்டுற மிச்சத்தைக் கொட்ட வேண்டாம். என்கிட்ட குடுங்க. நான் சிரிஞ்சுல எடுத்து, மூடி, தேதி, பெட் நம்பர் எல்லாம் எழுதி வைக்கிறேன். ஒரு பத்து சேர்ந்ததும் நாம ரெண்டு பேரும் போய்ப் பரிசோதனைக்குக் குடுத்துடலாம்."

நாம் இரண்டு பேரும் என்றாள். நல்ல யோசனை என்றேன். "பதிவேட்டுல மட்டும் வழக்கம்போலக் கொட்டப்பட்டதுன்னே எழுதிடுவோம். இல்லேன்னா இப்பவே கேள்வி வரும்" என்று சொன்னேன். "அதுவும் சரிதான்க்கா. உங்களுக்கு இருக்கிற அனுபவம் எனக்கு எங்க வரும்" என்றாள்.

ஒவ்வொரு மதியமும் உப்புத் தண்ணீர் நிரப்பிய குப்பியை அவளிடம் நீட்டினேன். அவள் அதைச் சிரிஞ்சில் இழுத்து, ஊசி முனையை மூடி, சின்ன எழுத்தில் சீட்டு ஒட்டி லாக்கரில் வைத்தாள். எறும்பு சேர்ப்பதுபோலத்தான் சேர்த்தாள். 'கொட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஒன்பது சேர்ந்தபோது நான் அந்தப் புகாரை எழுதினேன்.

வலி ஊசி மிச்சத்தை இந்தச் செவிலி கொட்டுவதாகக் கையெழுத்திட்டுவிட்டுத் தன் லாக்கரில் சேர்த்து வைக்கிறார் என்று எழுதினேன். நோயாளிகள் வலி குறையவில்லை என்கிறார்கள் என்றும் எழுதினேன். கொட்ட வேண்டிய மிச்சத்தை நான்தான் அவர் கையில் கொடுத்தேன், கொட்டுவதை நின்று பார்க்கவில்லை, அந்தத் தவற்றுக்கு என்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று கடைசியில் சேர்த்தேன். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோதான் என்னைக் காப்பாற்றியது. தன் குறையைத் தானே சொல்கிறவள் பொய் சொல்வாளா.

லாக்கரை அவள் கண் முன்னாலேயே திறந்தார்கள். ஒன்பது சிரிஞ்சும் ஒரு டிபன் டப்பாவில் வரிசையாக இருந்தன. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது மாதிரி, உள்ளே மருந்தே இல்லை, வெறும் உப்புத் தண்ணீர் என்று முடிவு வந்தது. மருந்தை எடுத்துக்கொண்டு தண்ணீரை நிரப்பியிருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. விசாரணையில் அவள், "அதைத்தான் சார் நானும் சொல்றேன். அது தண்ணிதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் எடுத்து வச்சேன். பெரிய சிஸ்டரைக் கேளுங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றாள். கண்காணிப்பாளர் சிரித்தே விட்டார். "வேலியே பயிரை மேஞ்சிட்டு, பயிர் எங்கேன்னு தேடுதாம்" என்றார்.

என்னைக் கேட்டார்கள். அப்படி எதுவும் என்னிடம் சொன்னதாக நினைவில்லை என்றேன். அப்போது அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எனக்கு மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டு, ஞாபகப்படுத்தப் பார்த்தாள். "உடை மாத்துற ரூம்லக்கா, கதவைச் சாத்திட்டுப் பேசினோமே" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

நோட்டைப் பற்றி அவள் பேசவே இல்லை. அதை வீட்டில் வைத்திருந்தாள் போல. எடுத்துக் காட்டியிருந்தாலும் திருடியின் கணக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவளை அனுப்பிய பிறகு மூன்று வாரம் பன்னிரண்டு கட்டிலுக்கும் எழுதிய அளவு குறையாமல் நிஜ மருந்து கொடுத்தேன். வார்டு அமைதியாகிவிட்டது. மேட்ரன் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். தையற்காரர்கூட, "பெரிய சிஸ்டர் கைக்கு இப்பதான் ராசி வந்திருக்கு" என்றார். அந்த மூன்று வாரமும் எனக்குக் கடும் காய்ச்சல். வியர்வை, நடுக்கம், எலும்பெல்லாம் உடைவதுபோல வலி. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. நான்காவது வாரம் மறுபடியும் பழையபடி ஆனது. தையற்காரர் அதற்கடுத்த மாதம் போய்விட்டார். தனி ஆள் என்று முன்பே சொன்னேன்.

எறும்பின் உரிமத்தை ரத்து செய்தார்கள். எந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளவில்லை. மகளைப் பள்ளியில் ஊசித் திருடி மகள் என்று கூப்பிட்டார்களாம். அவள் கணவன் டயர் கடையில் வேலை பார்க்கிறான், அவன் வருமானம் வாடகைக்கே சரியாக இருக்கும். கடைசியில் பெரிய சலவை ஆலை ஒன்றில் சேர்ந்தாள். எங்கள் மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் போய் வெளுத்து வரும். அவள் மடித்த விரிப்புகளைத்தான் நான் தினமும் கட்டிலில் விரித்திருக்கிறேன் என்று பின்னால் தெரிந்தது. மடிப்பு நன்றாக இருக்கும்.

ஆலையில் வெந்நீர்க் குழாய் வெடித்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்துபோய், கொஞ்சம் நினைவோடுதான் அவளைக் கொண்டுவந்தார்கள். தீக்காயப் பிரிவில் இடமில்லை என்று எங்கள் வார்டில் நான்காம் கட்டிலில் போட்டார்கள். டாக்டர் அவள் கோப்பைப் பார்த்தார். அதில் பழைய விசாரணையின் குறிப்பு இருந்தது. 'வலி மருந்துக்காக நடிக்கக்கூடியவர், கவனம்' என்று சிவப்பு மையில் எழுதி, அளவைப் பாதியாகக் குறைத்தார். அதை நான் சொல்லி அவர் செய்யவில்லை.

முதல் நாள் காலை ஊசி என் முறை. கட்டில் பக்கத்தில் நின்று, "மக இப்ப எந்த வகுப்பு?" என்று கேட்டேன். பழக்கம், வேறொன்றுமில்லை. "ஆறாவதுக்கா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வேலை தெரிந்தவள், எத்தனை நிமிடத்தில் வலி இறங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இருபது நிமிடம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இது தண்ணி."

நான் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகினேன்.

"அப்ப நீங்களாக்கா" என்றாள்.

அதுவரை அவள் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லை. வேலை போனபோதும் இல்லை, மகளை அப்படிக் கூப்பிட்டபோதும் இல்லை. சலவை ஆலையில் நின்றுகொண்டு மருந்துப் பெட்டியைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள்.

டாக்டரிடம் சொன்னாள். அவர் கோப்பைக் காட்டி, "இப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்று பயிற்சி மருத்துவர்களுக்குப் பாடம் எடுத்தார். மற்ற டியூட்டியில் வருகிற பெண்கள் நிஜ மருந்து போட்டார்கள். அப்போது கொஞ்சம் அமைதியாக இருப்பாள். ஏன் என் டியூட்டியில் மட்டும் இவ்வளவு சத்தம் என்று மேட்ரன் கேட்டார். பழைய கோபம், என்னைப் பார்த்தால் மட்டும் நடிக்கிறாள் என்றேன். பொருத்தமாகத்தான் இருந்தது. புண்ணுக்குக் கட்டு மாற்றுவது காலையில், அதுவும் என் டியூட்டி. வெந்த தோலிலிருந்து துணியைப் பிரித்தெடுப்பது எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை. அவளாகவே நான்காம் நாள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டாள். என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"கட்டு மாத்துறப்ப மட்டும் நிஜ ஊசி போடுங்கக்கா. மத்த நேரம் தண்ணியே போடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் புள்ள மேல சத்தியம்."

யோசித்துப் பார்த்தேன், ஐயா. யோசிக்காமல் இல்லை. ஆனால் அன்று நிஜ ஊசி போட்டால், அதுவரை போட்டது தண்ணீர் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் முன்னால் அப்படி நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "நிஜ ஊசிதான் போடுறேன், நீ சும்மா மனசைக் குழப்பிக்காத" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் காலை கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. சான்றிதழில் கிருமித் தொற்று என்று இருக்கிறது. அது பொய்யில்லை.

இப்போது அவள் கணவன் அந்த நோட்டைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்திருக்கிறான். நீங்கள் காட்டியபோதுதான் நானும் முழுதாகப் பார்த்தேன். வலி குறையாத வரிகளில் எல்லாம் 'போட்டவர்' என்ற இடத்தில் 'அக்கா' என்றே எழுதியிருக்கிறாள். நாற்பத்தொரு இடத்தில் இருக்கிறது. எழுதிய அவளுக்கே அது கண்ணில் படவில்லை. உங்களுக்குப் பட்டிருக்கிறது.

அதோடு உங்கள் தாளில் இரண்டு தேதிகளை வட்டமிட்டு வைத்திருக்கிறீர்கள். ஒன்று நான் புகார் எழுதிய நாள். இன்னொன்று என் வீட்டுக்காரர் இறந்த நாள். இரண்டாவது முதலாவதற்கு ஐந்து மாதம் முந்தியது. அப்படியென்றால் மருந்து யாருக்கு என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

முதல் வாரம் அவருக்குத்தான் போட்டேன். நன்றாகத் தூங்கினார். ஒரு நாள் சிரிஞ்சில் துளி மீந்தது, அதை எனக்குப் போட்டுக்கொண்டேன். அன்று அவர் கத்தியது பக்கத்து வீட்டில் யாரோ கத்துவதுபோலக் கேட்டது. பல மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. வலி அவருடையது, ஆனால் அதைத் தாங்க வேண்டியவள் நான். அவர் எப்படியும் போகப் போகிறவர். நான் நின்றால்தான் வீடு நிற்கும். அன்றிலிருந்து மருந்து எனக்கும் தண்ணீர் அவருக்கும் என்று ஆனது. எட்டு மாதம். அவர் கடைசி நாள் வரை என்னைக் குறை சொன்னதில்லை. "உன் கை லேசும்மா, போட்டதே தெரியல. ஆனா ஏன் இன்னும் இறக்கி விட மாட்டேங்குறாங்க" என்பார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். சாவியை மேஜைமேல் வைத்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் சரி, தையற்காரருக்கும் சரி, எறும்புக்கும் சரி, இருபத்து மூன்று வருடத்தில் என் கையில் இருந்த ஒருவருக்கும் ஒரு வேளை ஊசிகூட நான் தவறவிட்டதில்லை.